ஒரு மர இனம் நிலைக்குமா, அருகுமா? கணக்கிட்டு அறிவோம்

காட்டில் ஒரு மரம் பச்சையாக நிற்பதைக் கண்டால் அந்த இனம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அதன் அடியில் ஒரு கன்றுகூட இல்லையென்றால்? முதியோர் மட்டும் எஞ்சிய கிராமத்தைப் போன்றதே அது. இடம்பெயர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

சோலிகர் கதை

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர், சேனைப் பயிர் செய்தும் காட்டு நெல்லி பறித்தும் வாழ்ந்தவர்கள். 1974 இல் அக்காடு சரணாலயமானது. பல குடும்பங்கள் உட்காட்டிலிருந்து ஓரங்களுக்கு மாற்றப்பட்டன. சருகுக்குத் தீ வைப்பதும் தடுக்கப்பட்டது. பின்னர், விற்பனைக்குப் பழம் சேகரிக்கவும் தடை வந்தது. அங்குள்ள இரு நெல்லி இனங்களுள் ஒன்று தென்னிந்தியாவுக்கு வெளியே இயற்கையாக வளராதது. பழம் பறிப்பதால்தான் நெல்லி அழிகிறதா?

கணக்கு முறை

ஆய்வாளர்கள் சோலிகருடன் சேர்ந்து மரங்களுக்கு அடையாளமிட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினார்கள். முறை இதுதான்:

1. நாற்று, கன்று, இளமரம், காய்க்கும் மரம் எனப் பிரித்தல்.
2. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பட்டன, எத்தனை அடுத்த நிலைக்கு வளர்ந்தன, எத்தனை புதிதாக முளைத்தன என்று எழுதுதல்.
3. இவற்றைக் கொண்டு ஆண்டு வளர்ச்சி வீதத்தைக் காணுதல்.

வீதம் 1 என்றால் இனம் நிலைக்கும். அதற்குக் குறைந்தால் அருகும். 100 மரம் அடுத்த ஆண்டு 98 ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே வீதத்தில் சென்றால் 35 ஆண்டுகளில் பாதிதான் மிஞ்சும்.

விடை என்ன?

2012 இல் வெளியான ஆய்வின்படி, பழம் பறிப்பதைவிடக் குருவிச்சையும் நாயுண்ணிப் பற்றையுமே நெல்லிக்கு அதிகம் கேடு செய்தன. காரணம் எளிது. ஒரு மரம் தன் ஆயுளில் எண்ணற்ற காய்களைத் தருகிறது. அதன் இடத்தை நிரப்ப ஒரு விதை மரமானால் போதும். வளர்ந்த மரம் பட்டால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். முன்பு தாங்கள் வைத்த சருகுத் தீ இவ்விரண்டையும் அடக்கியது என்பது சோலிகரின் அனுபவம். 2011 இல் அவர்களுடைய கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது.

நம் வாவிக்கரையில்

தீ வைப்பதை இங்கு பின்பற்ற வேண்டாம், எண்ணுவதைப் பின்பற்றுவோம். மட்டக்களப்பு வாவியோரக் கண்டல்கள் போர்க்காலத்திலும் பின்னரும் பல இடங்களில் தறிக்கப்பட்டன. கண்டல் இனங்கள் சிலவற்றில் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கி, பின்னரே விழும். கரையில் தென்படும் கன்றுகளை நாமே எண்ணலாம். ஒரு துண்டுக் கரையைத் தெரிந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் எண்ணிக் கொப்பியில் எழுதிவைப்போம். நாளை யாராவது “மரம் அழிந்தது உங்களால்தான்” என்றால், பதில் நம் கையில் இருக்கும்.

சேர்ந்து பேசுவோம்

1. நாம் விட்டுவந்த ஊரில் நின்ற, இங்கு காணாத மரங்கள் எவை?
2. நம் கரையில் கன்றுகள் அதிகமா, முதிர்ந்த மரங்கள் அதிகமா?
3. எண்ணும் பொறுப்பை யார் யார் ஏற்பது?