ஆற்றுமணலில் டென்ட் போடலாமா?

கேள்வி: மே விடுமுறையில் இரண்டு குடும்பமாக, நான்கு பிள்ளைகளோடு (கடைக்குட்டிக்கு ஆறு வயது) பவானி ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்க ஆசை. ஆன்லைனில் ‘நால்வர் டென்ட்’ ஒன்று வாங்கியாகிவிட்டது. மேட்டுப்பாளையம் தாண்டி ஓரிடத்தில் நல்ல மணல் பரப்பு இருக்கிறது, அங்கேயே சமைத்து, ராத்திரி கேம்ப் ஃபயர் போடலாம் என்கிறார் கணவர். ‘ஆத்தோரம் ராத்தங்கக் கூடாது’ என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆறு வேண்டாமென்றால் ஏரிக்கரை பரவாயில்லையா?
— வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மாமியார் எதை நினைத்துச் சொன்னாரோ, சொன்னது சரி. நீங்கள் கரை என்று நினைக்கும் அந்த மணல் பரப்பு ஆற்றின் படுகை. இப்போதைக்கு அதன்மேல் தண்ணீர் ஓடவில்லை, அவ்வளவுதான்.

பவானியில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மேட்டுப்பாளையத்து வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே பில்லூர் அணை இருக்கிறது. அதன் முழு நீர்மட்டம் 100 அடி; 97 அடியைத் தொட்டாலே உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். நீலகிரியிலும் கேரளத்தின் அட்டப்பாடிப் பக்கமும் கொட்டுகிற மழை அங்கேதான் வந்து சேர்கிறது. மழையே இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடுவதுண்டு. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அது இடுப்புக்கு ஏறும். குளிக்கப் போனவர்கள் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டார்கள், கயிறு கட்டி மீட்டார்கள் என்று நீங்களே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சிலரை மீட்க முடியாமலும் போயிருக்கிறது. சங்கு ஊதி எச்சரிப்பார்கள் என்று நம்பித் தூங்க வேண்டாம். ஆற்று இரைச்சலில் அது காதில் விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2014 ஜூன் 8 அன்று மாலை ஹிமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை லார்ஜி அணையிலிருந்து திறந்த தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. விழித்திருந்தவர்களுக்கே ஓட நேரம் கிடைக்கவில்லை. டென்டின் ஜிப்பைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? காவிரியிலும் இதே கதைதான்: கர்நாடகத்தில் கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் திறந்தால், வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துகிறார்கள். ‘நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்ற செய்தியை டெல்டா விவசாயி மட்டும் படித்தால் போதாது, ஆற்றோரம் போகிற எவரும் படிக்க வேண்டும்.

எந்த ஆற்றுக்குப் போனாலும் முதலில் கரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் பாலித்தீன் பையும் வைக்கோலும் காய்ந்து தொங்கும். போன வெள்ளம் ஏறிய மட்டம் அது. படுக்கை அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். டென்ட் ஆணி மண்ணில் பிடிக்காமல் சரக்கென்று உருவிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து போட்ட மணலில்தான் நிற்கிறீர்கள். பகலில் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். தண்ணீர் அதைத் தாண்டினாலோ, திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சாமானை எடுக்கவும் நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறிவிட வேண்டும்.

இது தண்ணீர்ப் பாடு. மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஆற்றின் இருபுறமும் பெரும்பாலும் வனம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கோடையில் யானைக்கு அந்த ஆறுதான் தண்ணீர்த் தொட்டி. கரை சரிந்து, தோல் உரித்ததுபோல் வழவழவென்று அகலமான தடம் இறங்கினால் அது யானை வரும் பாதை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காசு கொடுத்து விடுதியின் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். விடுதியே போட்ட டென்ட் என்பதால் மட்டும் அது பாதுகாப்பான இடமாகிவிடாது. கேம்ப் ஃபயரை உங்கள் கணவர் மறந்துவிடலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் பலியான பிறகும் கோடைக்காட்டில் தீ மூட்டும் ஆசை சிலருக்கு எப்படி வருகிறதோ, எனக்குப் புரிவதில்லை.

ஏரிக்கரை? இரவில் தண்ணீர் பாய்ந்து வராது என்பது உண்மை. டென்ட் போட ஆற்றைவிட ஏரி மேல். ஆனால் நம் ஊர் ஏரிகளில் ஆபத்து அடியில் இருக்கிறது. வண்டலும் சவுடும் அள்ளிய குழிகள் நீர் நிறைந்ததும் வெளியே தெரியாது. நாலடி வரை தரை இருக்கும், அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் ஆழம். நீச்சல் தெரிந்தாலும் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் இறக்காதீர்கள். ஏரிக்கரைக் கட்டின்மேல் டென்ட் அடிக்கவும் கூடாது. ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்பதுதான் நியாயம். கொடைக்கானல் பேரிஜம் போன்ற காட்டு ஏரிகளுக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் பகலில் போய்த் திரும்பலாம்.

எங்கேதான் போவது? கேட்டுக்கொள்ள ஆள் உள்ள இடத்துக்கு. பவானிதான் வேண்டுமென்றால், காரமடை வழியே போய்ப் பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் பரளிக்காடு இருக்கிறது. வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பரிசல் சவாரி, மதியச் சாப்பாடு, முன்பதிவு கட்டாயம். பரிசல் ஓட்டுபவர்களுக்கு அந்தத் தண்ணீர் அத்துப்படி. பக்கத்தில் பூச்சமரத்தூரில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு. டென்டில்தான் படுக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்கள். காவிரியை ஒட்டி, அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்துபவை. செலவு கூடுதல்தான். ஆனால் டென்டுக்குக் கூடவே கழிப்பறையும், நீர்மட்டம் அறிந்த ஆட்களும் இருப்பார்கள்.

உங்கள் டென்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நால்வர் என்று எழுதியிருந்தால் பெரியவர் இருவர், சிறுவர் இருவர் நெருக்கியடித்துப் படுக்கலாம். உங்கள் கூட்டத்துக்கு இரண்டு வேண்டும். தரை தைத்து, ஜிப் முழுதாக மூடுவதுதானா என்று பாருங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, காலையில் வயிற்றுவலி என்றுதான் எழுவார்கள். அப்படி யாராவது சொன்னால் அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். புல்லிலும் புதரிலும் நேராகப் படுப்பதோ துணி காயப்போடுவதோ வேண்டாம். திரும்பி வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், வெளியிடத்தில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். கால் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

மே மாதம் மாலையில் கோடைமழை இடியோடு வரும். முடிந்தால் பயணத்தைப் பொங்கல் விடுமுறைக்கு மாற்றுங்கள். குளிரும் சுகமாக இருக்கும். மேயில்தான் முடியும் என்றால் தங்குமிட முன்பதிவு உறுதியான பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கிளம்புகிற அன்று காலையில் பில்லூர் நீர்மட்டத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போகலாம், பூச்சமரத்தூரில் கட்டில் உண்டா என்று மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.