நான்கு மணி நேரம் எங்கே தங்கியது?

"அண்ணா, மெயில் இப்பத்தான் வந்துச்சு. ரத்தம் இன்னும் வேணுமா?"

மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு பெண்ணிடமிருந்து வந்த அழைப்பு அது. நான் அந்த மெயிலை அனுப்பியது காலை 9.10-க்கு. எங்கள் ரத்ததானக் குழுவின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான்தான். அன்று அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

முதலில் போன்களைச் சந்தேகப்பட்டேன். பேட்டரி சேவர் போட்டிருந்தால் அறிவிப்பு பிந்தும் என்பது உண்மைதான். ஆனால் விசாரித்த எல்லோருக்குமே மெயில் மதியம்தான் வந்திருந்தது.

மெயில் எங்கே தங்கியது என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் தெரியும். மெயில் கைமாறும்போது வாங்கிக்கொள்ளும் சர்வர் தன் நேரத்தைக் குறித்து மேலே சேர்க்கும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நேரத்தின் கடைசியில் இருக்கும் +0530, -0700 போன்ற எண்களைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். அதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் இல்லாத தாமதத்தைத் தேடியிருக்கிறேன்.

நான்கு மணி நேர இடைவெளி எங்கள் சர்வருக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்தது. 'மெயில்க்யூ' கட்டளை கொடுத்தேன். நூற்றுக்கணக்கான மெயில்கள் வரிசையில் நின்றன. அன்று காலைதான் மாதச் செய்திமடலும் கிளம்பியிருந்தது. ஒரேயடியாக வந்து குவிந்ததால் எதிர்முனை 'பிறகு வா' என்று 4-இல் தொடங்கும் எண்ணோடு திருப்பிவிட்டது. எங்கள் சர்வரில் மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் 300 விநாடி பொறுத்து மறுபடி அனுப்பிப் பார்க்கும். போகப் போக 4,000 விநாடிவரை இடைவெளி நீளும். பதற்றத்தில் வரிசையைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டேன். அதைச் செய்யவே கூடாது, நெரிசல்தான் கூடும்.

இப்போது செய்திமடல் தனி முகவரியிலிருந்து, இரவில், சிறு சிறு தொகுதியாகப் போகிறது. மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் சரிசெய்தேன். செத்துப்போன முகவரிகளை நீக்கினேன். அவசரத் தேவைக்கு மெயிலோடு குறுஞ்செய்தியும் அனுப்புகிறோம், ஏனென்றால் எந்த மெயிலுக்கும் நேர உத்தரவாதம் கிடையாது.

மெயிலின் தலைப்பிலேயே ரத்தம் கேட்ட நேரத்தையும் எழுதுகிறோம். ரத்தம் கிடைத்ததும் 'தேவை தீர்ந்தது' என்று இன்னொன்று போகும், யாரும் வீணாகப் பஸ் ஏறி வந்துவிடக் கூடாது.