யோர்தானின் தண்ணீரும் மூக்கில் இடும் உப்புநீரும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 5:1-14



சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டரோகத்தோடு எலிசாவின் வாசலில் வந்து நின்றான். யோர்தானில் ஏழுதரம் முழுகும்படி சொல்லியனுப்பியபோது அவனுக்குக் கோபம் மூண்டது. அவன் பெரிய காரியத்தை எதிர்பார்த்தான். சொல்லப்பட்டதோ வெறும் தண்ணீர். வேலைக்காரர் நயமாய்ப் புத்தி சொல்லியிராவிட்டால் ரோகத்தோடே ஊர் திரும்பியிருப்பான்.

இம்முறை அதுபோன்ற ஓர் எளிய காரியத்தைச் சிந்திப்போம். அது மூக்கில் தெளிக்கும் உப்புநீர் ஸ்பிரே.

சளி, இன்ஃபுளூயன்சா, கோவிட் முதலியவற்றை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் முதலாவது பெருகுகின்றன. வாலிபருக்கு அது சில நாள் தொல்லை. ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உள்ள முதியவருக்கோ நிமோனியாவாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் வாசலிலேயே கிருமியைத் தடுக்க முடியுமா என்பது சிறிய கேள்வியல்ல.

இங்கிலாந்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வொன்றில் 13,000க்கும் அதிகமானோர் பங்குபெற்றனர். இவர்கள் வேறு நோய்களால் பலவீனமானவர்கள், அல்லது அடிக்கடி சளி பிடிப்பவர்கள். தொண்டை கரகரக்கும்போதே, அல்லது சளி உள்ளவரோடு இருந்துவந்த பின், ஒரு நாளில் ஆறுதரம் வரை ஸ்பிரே உபயோகிக்கும்படி ஒரு பகுதியாருக்குச் சொல்லப்பட்டது. ஆறு மாதத்தில் ஸ்பிரே இல்லாதவர்கள் சராசரி 8.2 நாட்கள் நோயுற்றிருந்தார்கள். கிருமியைச் சிக்கவைக்கும் ஜெல் ஸ்பிரே பெற்றவர்களுக்கு அது 6.5 நாட்கள்; உப்புநீர் ஸ்பிரே பெற்றவர்களுக்கு 6.4 நாட்கள். விலையுயர்ந்ததற்கு உப்புநீர் சற்றும் குறையவில்லை! ஆன்டிபயாடிக் மருந்து வாங்குவதும் குறைந்தது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வீணாய்ச் சாப்பிட்டால், மெய்யாகவே தேவைப்படும் நாளில் அது கேட்காமற்போகக்கூடும்.

எனினும் அளவுக்கு மிஞ்சி நம்பலாகாது. பங்குபெற்றவர்களுக்குத் தாங்கள் எதை உபயோகிக்கிறோம் என்பது தெரியும். ஆகவே மனநம்பிக்கையும் ஓரளவு கலந்திருக்கலாம். நோய் நாட்கள் குறைந்தன. நோயே அணுகாது என்று யாரும் வாக்களிக்கவில்லை.

கவனிக்கவேண்டியவை:

1. மூக்கடைப்புக்கென்று கடையில் வாங்கும் சொட்டு மருந்து வேறு, உப்புநீர் வேறு. முன்னதைப் பல நாள் தொடர்ந்து போட்டால் அடைப்பு அதிகமாகும்.

2. வீட்டில் மூக்கைக் கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே உபயோகிக்கக்கூடாது. கொதிக்கவைத்து ஆறியதே வேண்டும். அசுத்த நீர் மூக்கில் ஏறி மூளையைத் தாக்கும் அமீபா நோயினால் கேரளாவில் 2024, 2025 ஆண்டுகளில் மரணங்கள் நேரிட்டன.

3. ஒருவர் உபயோகித்த ஸ்பிரேயை மற்றொருவர் உபயோகிக்கலாகாது.

4. தடுப்பூசிக்கும் கைகழுவுதலுக்கும் இது ஈடல்ல. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

5. சளியோடு நோயாளிகளைப் பார்க்க வராதிருங்கள். வார்டுக்குள் வந்து ஜெபிப்பது நல்லது. அந்த நாளில் வீட்டிலிருந்து ஜெபிப்பதோ அதிலும் பெரிய அன்பு.

நாகமானைச் சுகப்படுத்தியது யோர்தானின் தண்ணீரல்ல, தேவனே. ஆனாலும் தண்ணீரை அற்பமாய் எண்ணியிருந்தால் அவன் சுகத்தை இழந்திருப்பான். மிஷன் ஆஸ்பத்திரிகளின் ஊழியமும் இப்படியே நடக்கிறது. பெரிய இயந்திரங்கள் தேவைதான்; ஆயினும் கொதித்து ஆறிய நீரும், கழுவிய கைகளும், ஏழை விதவையின் சிறு காணிக்கையும் அநேகரைத் தாங்குகின்றன. நீங்கள் அனுப்பும் சிறிய தொகையையும் அவ்விதமாகவே ஸ்தோத்திரத்தோடு பெற்றுக்கொள்ளுகிறோம்.

ஜெபம்: எங்கள் நாசியில் சுவாசம் தந்த ஆண்டவரே, எளிய காரியங்களை அசட்டைபண்ணாத தாழ்மையையும், அவற்றை ஞானமாய் உபயோகிக்கும் புத்தியையும் எங்களுக்குத் தாரும். மூச்சுக்காகப் போராடுகிற ஒவ்வொருவரையும் தாங்கியருளும். ஆமென்.