கன்வெர்ட் பட்டனைத் தொடும் முன்

தங்கச்சி, பள்ளி ஆண்டு விழா வீடியோவில் உன் பிள்ளை ஆடிய நான்கு நிமிடத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். போனில் எடுத்த வளைகாப்பு வீடியோ மாமியார் வீட்டு டிவியில் ஓட மாட்டேன் என்கிறது. அம்மா அப்பா கல்யாண டிவிடி பீரோவில் கிடக்கிறது, புது லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை. மூன்றுக்கும் "நல்ல கன்வெர்ட்டர் ஒண்ணு சொல்லுங்கக்கா" என்றுதான் கேட்கிறாய். முதலாவதற்குக் கன்வெர்ட்டரே வேண்டாம். இரண்டாவதற்கு வேண்டுமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். மூன்றாவதற்குக் கட்டாயம் வேண்டும். மூன்றையும் பைசா செலவில்லாமல் செய்யலாம்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என்று ஃபைல் பெயரின் வாலில் இருப்பது வெளி உறை மட்டும்தான். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த ஹெச்.264 கோடெக்கை இன்று புழக்கத்தில் உள்ள டிவி, போன், கம்ப்யூட்டர் அநேகமாக எல்லாமே படிக்கும். 2013-இல் வந்த ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி, அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் அடக்கும். ஆனால் பழைய டிவிகளுக்கு அது தெரியாது. உறையை மட்டும் மாற்றினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, வேலையும் சட்டென்று முடிந்துவிடும். கோடெக்கை மாற்றுவதென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, மறுபடி சுருக்க வேண்டும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிவு போகும்; போனதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் கன்வெர்ட் செய்யாதே, செய்யாதே என்று நச்சரிப்பது இதனால்தான். இன்னொன்று: ஃபைல் பெயரில் எம்கேவி என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று நீயாக எழுதுவதால் எதுவும் மாறாது.

உள்ளே என்ன கோடெக் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விஎல்சி பிளேயர் எல்லோரிடமும் இருக்கும். அதில் வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோலுடன் ஜே எழுத்தை அழுத்து. கோடெக், படத்தின் அளவு, விநாடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலி என்ன வகை என எல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் வரும். எந்த வேலை தொடங்கும் முன்பும் இதைப் பார்க்கும் பழக்கம் வரட்டும். டிவி எம்கேவி ஃபைலை மறுக்கிறது, உள்ளே இருப்பது ஹெச்.264 என்றால் உறையை மாற்றினாலே போதும். உள்ளே ஹெச்இவிசி இருந்தால் டிவி பழசு, கன்வெர்ட் செய்தே ஆக வேண்டும். படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் ஒலியின் கோடெக்கில் இருக்கும்; அதை ஏஏசி ஆக்கினால் சரியாகும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7-ம் அதற்குப் பிறகு வந்தவையும் ஹெச்இவிசியில் பதிவு செய்யும். செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்துவிட்டால் சாதாரண 1080பி வீடியோ ஹெச்.264-இல் வரும். இடம் கூடுதலாகப் பிடிக்கும்: 1080பி, 30 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி ஆவது 130 எம்பி வரை போகும். வீட்டு டிவி பழசென்றால், எடுத்த பிறகு மாற்றுவதைவிட எடுக்கும்போதே இப்படி எடுப்பதுதான் நல்லது.

இப்போது ஆண்டு விழா நடனம். இதற்கு லாஸ்லெஸ்கட் என்று ஒரு மென்பொருள். கிட்ஹப் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆப் ஸ்டோர்களில் விலை போட்டிருப்பது அதை உருவாக்கியவரை ஆதரிக்க விரும்புகிறவர்களுக்கு. வீடியோவை இழுத்து ஜன்னலில் விடு. நடனம் தொடங்கும் இடத்தில் 'ஐ' எழுத்தை அழுத்து, முடியும் இடத்தில் 'ஓ', பிறகு வெளியே எடுக்க 'ஈ'. அவ்வளவுதான். அந்தப் பகுதியை அப்படியே நகலெடுத்துத் தருவதால் தரம் துளியும் குறையாது, சில விநாடிகளில் முடிந்தும்விடும். உறை மாற்றும் வேலையையும் இதிலேயே செய்யலாம். வெளியே வரும் ஃபைல் எம்பி4 ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். போனைச் சாய்த்துப் பிடித்ததால் படுத்துக் கிடக்கும் வீடியோவைக்கூட இது நிமிர்த்தும், மறுபடி சுருக்காமலே.

ஒரே ஒரு குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்து. நீ குறித்த இடத்தில் துல்லியமாக வெட்டாமல் ஓரிரு விநாடி முன்னதாகவே தொடங்கும். சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதை கீஃபிரேம் என்பார்கள். நடுவில் உள்ளவற்றில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். மறுபடி சுருக்காமல் வெட்ட வேண்டுமென்றால் கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். போன் வீடியோவில் கீஃபிரேம்கள் நெருக்கமாக வருவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சில வீடியோக்களில் பத்து விநாடிக்கு ஒன்றுதான் இருக்கும். பிள்ளை மேடை ஏறுவதற்கு முன் திரை விலகுவது கொஞ்சம் சேர்ந்து வந்தால் என்ன, நன்றாகத்தான் இருக்கும்.

கல்யாண டிவிடிக்கு வருவோம். இதை இந்த வருஷமே செய்துவிடு, தள்ளிப் போடாதே. ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடியும் கடையில் விற்கும் படத்தின் டிவிடியும் ஒரே வகை அல்ல. கடை டிவிடி அச்சில் அழுத்தி எடுப்பது. வீட்டு டிவிடி ஒரு சாயப் பூச்சின்மேல் லேசரால் எழுதியது. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தை மங்க வைக்கும். அப்பா தாலி கட்டும் காட்சி அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கு. வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடை. சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, படிக்க முடியாமல் போகும். வட்டில் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடியும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. அந்த ஃபோல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்கில் காப்பி செய். நேராக வட்டிலிருந்தே கன்வெர்ட் செய்ய உட்காராதே. ஒரு இடத்தில் படிக்க முடியாமல் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பார். ஒரு டிரைவ் திணறும் வட்டை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

பிறகு ஹேண்ட்பிரேக். இலவசம், விளம்பரம் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்ததும் அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டரையே காட்டு, தனித்தனி விஓபி ஃபைலை அல்ல. வட்டில் உள்ள பகுதிகளை எல்லாம் 'டைட்டில்' என்று வரிசையாகக் காட்டும். ஆக நீளமானதுதான் கல்யாணம், சின்னவை மெனு. அடுத்து பிரீசெட். ஜெனரல் என்ற தலைப்பின் கீழ் 'ஃபாஸ்ட் 576பி25' இருக்கும். நம் ஊர் டிவிடிகள் பால் முறையில் இருப்பவை: 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 ஃபிரேம். அதற்குப் பொருந்துவது இதுதான். 1080பி பிரீசெட்டைப் போட்டால் படம் தெளிவாகிவிடும் என்று நினைக்காதே. இல்லாத விவரத்தை அது உண்டாக்காது.

டிவிடியை லேப்டாப்பில் பார்க்கும்போது, மாலை மாற்றுகையில் கை அசையும் இடத்தில் ஓரமெல்லாம் படுக்கைக் கோடுகளாகப் பிரிந்து நிற்பதைக் கவனித்திருப்பாய். வட்டு கெட்டதால் வருவதல்ல அது. பழைய குழாய் டிவிக்காக ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த கணத்திலும் கேமரா பதிவு செய்தது; இன்றைய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் அசைவு இரண்டாகத் தெரிகிறது. இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பக்கத்துக்குப் போய் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் 'டீகோம்ப்' இருக்கிறதா என்று பார். இதை விட்டுவிட்டால் அந்தக் கோடுகள் எம்பி4-க்குள்ளேயே பதிந்துபோகும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

வீடியோ பக்கத்தில் 'ஆர்எஃப்' என்று ஒரு அளவுகோல். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்; புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். டிவிடிக்கு 18 முதல் 22 வரை, 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக் குழுவே சொல்லும் அளவு. கல்யாண வீடியோவுக்கு நான் 19 வைப்பேன். இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல.

இரண்டு மணி நேரத்தையும் ஓடவிட்டு, கடைசியில் கோணலாக வந்தது என்று நொந்துகொள்ளாதே. மேலே 'ரேஞ்ச்' என்ற இடத்தில் விநாடிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, கூட்டமும் அசைவும் உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் எடு. முகங்கள் சப்பையாகவோ நீண்டோ இல்லையா, அசைவில் கோடு போய்விட்டதா, நாதஸ்வரமும் வாயசைவும் ஒத்துப்போகிறதா என்று பார். சரியென்றால் முழுதும் ஓடவிடு. சார்ஜரைச் செருகி வை, லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதே. இந்த வேலையில் அது நன்றாகவே சூடாகும்.

வீட்டில் இருப்பது விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டிஏடி என்று முடியும் ஃபைல் இருக்கும். விஎல்சியில் அப்படியே திறக்கும். அதன் அளவு 352-க்கு 288 புள்ளிதான், அதைப் பெரிதாக்க முயலாமல் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்தினாலே போதும். கீறலை டிவிடியைவிடக் குறைவாகவே விசிடி தாங்கும் என்பதால் முதலில் அதை எடு.

இரண்டு மூன்று வீடியோவைக் கோத்து, பெயர் போட்டு, பாட்டு சேர்க்க ஷாட்கட் போதும். இலவசம், மூலையில் தன் பெயரை வாட்டர்மார்க்காக ஒட்டாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இதைவிடப் பலமடங்கு வல்லது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அது திணறும். முதலில் ஷாட்கட்டில் கை பழகட்டும். தொடங்கும் முன் வீடியோ, பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவா. நீ சேமிக்கும் புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். நடுவில் ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினால் மறுநாள் 'காணவில்லை' என்று நிற்கும். வெட்ட வேண்டிய இடத்தில் கோட்டை நிறுத்தி 'எஸ்', வேண்டாத துண்டைத் தேர்ந்து 'எக்ஸ்'. இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும். போன் வீடியோவைச் சேர்க்கும்போது, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல். போன்கள் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. அதைச் சீர்படுத்தாமல் வெட்டினால் பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் ஆகிவிடும். தமிழில் பெயர் போட நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் எழுத்துரு எடு. பழைய பாமினியில் அடித்து வைத்த பெயரை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறாய் என்பதிலும் கண் வேண்டும். தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரம். அதே பெயர், அதே படம் போட்ட போலித் தளமாகவும் இருக்கலாம். ஹேண்ட்பிரேக்கின் முகவரி டாட் எஃப்ஆர் என்று முடியும். விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க். ஷாட்கட்டும் டாட் ஆர்க்தான். ஆன்லைனில் கன்வெர்ட் செய்து தரும் தளங்களில் வீட்டு விசேஷத்தையோ பிள்ளையின் வீடியோவையோ ஏற்றவே ஏற்றாதே. யாருடைய கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறது, எப்போது அழிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியப் போவதில்லை. இது ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிந்ததை அனுப்பும்போது: வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். டாகுமென்டாக இணைத்தால் 2 ஜிபி வரை உள்ளது உள்ளபடியே போகும். பென்டிரைவில் இடம் இருந்தும் ஃபைல் ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 முறையில் இருக்கும், 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யலாம், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் வெளியே எடுத்துவிட்டு. அந்த டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டுக்காக உரிமை கோரி சத்தத்தை அடைக்கலாம், வீடியோவையே தடுக்கவும் செய்யலாம்.

எம்பி4 தயாரானதும் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்து, மொத்த நேரம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார். அதன் பிறகும் அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அழிக்காதே. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அதையும் எம்பி4-ஐயும் சேர்த்துப் போட்டு, இன்னொரு நகலைத் தம்பி வீட்டில் கொடுத்து வை.