மரக்காலும் வரைபடமும்

நெய்தல் நிலத்து உப்பைக் கொடுத்து மருத நிலத்து நெல்லைக் கொண்ட பண்டமாற்றைச் சங்க இலக்கியத்தில் படித்திருக்கிறோம். இன்றைய இணையத்திலும் அத்தகைய மாற்று நடைபெறுகிறது. இரண்டு வலையமைப்புகள் தத்தம் வாடிக்கையாளர்க்குரிய தரவுகளைப் பெரும்பாலும் பணமின்றியே நேரடியாக மாற்றிக்கொள்கின்றன. இதனைப் 'பியரிங்' என்பர். இந்திய வலையமைப்புகள் ஓரிடத்தில் கூடி இவ்வாறு மாற்றிக்கொள்ள, 2003-இல் நிக்சி என்னும் நிறுவனம் தோன்றியது.

பண்டமாற்றுக்கு மரக்கால் வேண்டும். இங்கே மரக்கால் எது? ரவுட்டரின் ஒவ்வொரு வாயிலிலும் ஓர் எண்ணி உண்டு. கடந்து செல்லும் பைட்டுகளை அது கூட்டிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதனைப் படித்து, முந்தைய எண்ணைக் கழித்து, எட்டால் பெருக்கி, 300 வினாடியால் வகுத்தால், வினாடிக்கு இத்தனை பிட் என்னும் சராசரி கிடைக்கும். 1990-களின் நடுவில் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. என்னும் நிரல் இவ்வாறே வரைபடம் தீட்டியது.

நான் முதன்முதலில் வரைந்த படம் தவறாயிற்று. வினாடிக்கு 1 கிகாபிட் செல்லக்கூடிய இணைப்பில் எவ்வளவு அனுப்பியும் கோடு 115 மெகாபிட்டுக்கு மேல் எழவில்லை. இணைப்பையே ஐயுற்றேன். குற்றமோ நான் படித்த எண்ணியில் இருந்தது. 32 பிட் எண்ணி ஏறத்தாழ 429 கோடி பைட்டு வரை எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். முழு வேகத்தில் அதற்கு 34 வினாடியே போதும். ஐந்து நிமிடத்தில் எட்டு மரக்கால் நிரம்பிப் போக, ஒன்பதாவதில் கிடந்ததை மட்டுமே நான் கணக்கில் எழுதியிருந்தேன்! 64 பிட் எண்ணியைப் படித்ததும் கோடு நிமிர்ந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாற்று நிலையத்தில் ஒரே வாயில் வழியாகப் பல கூட்டாளிகளின் தரவு வரும். எண்ணி மொத்தத்தைச் சொல்லும். யாருடையது என்று சொல்லாது. அதற்குப் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தல் வேண்டும். எஸ்ஃப்ளோ முறையில், ஆயிரத்துக்கு ஒன்று என்பது போலப் பாக்கெட்டுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, முகவரி நோக்கிப் பங்கைக் கணிப்பர். ஒரு கூட்டாளிக்கு 10,000 மாதிரிகள் சேர்ந்தால், பாக்கெட் கணக்கின் பிழை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை 2 விழுக்காட்டுக்குள் அடங்கும். 100 மாதிரிகளே எனில் அது 20 விழுக்காடாகிவிடும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? 2005 அக்டோபரில் அமெரிக்காவின் லெவல் த்ரீ நிறுவனம், பரிமாற்றம் சமமாக இல்லை என்று கூறிக் கோஜென்ட் நிறுவனத்துடன் கொண்டிருந்த இணைப்பைத் துண்டித்தது. வேறு வழியில்லாத வாடிக்கையாளர்கள் சில நாட்கள் ஒருவரையொருவர் எட்ட இயலாமல் தவித்தனர். சமம் என்பதும் சமமில்லை என்பதும் அளவைப் பொறுத்தவை. அளவு பிழைத்தால் வழக்கும் பிழைபடும்.

ஆதலின் நண்பர்களே, இத்தகைய படத்தைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எண்ணி எத்தனை பிட்? சராசரி எத்தனை நிமிடம்? ஏனெனில், அரை நிமிட வெள்ளம் ஐந்து நிமிடச் சராசரியில் பத்தில் ஒரு பங்காகவே தோன்றும். மாதிரிகள் எத்தனை? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர்க் கோட்டை நம்பலாம்.