ஐப்பசி மழைக்கு முன் வடிகாலை நடந்து பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம். தண்ணீர் தேங்கும் இடங்களை மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று நான்காகப் பிரித்து மாவட்ட நிர்வாகம் பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வையுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் ஊரோடு நின்றுவிடும். ஒரே ஊரில் மேட்டு வயல் மறுநாளே வடியும். பள்ள வயல் பத்து நாள் முழுகிக் கிடக்கும். அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

காவிரி டெல்டாவில் பெய்த மழையைவிட வடியாத தண்ணீர்தான் பயிரை அதிகம் அழித்திருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்போது உங்கள் வயலில் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று பெரியவர்களைக் கேளுங்கள். எந்த வரைபடத்தைவிடவும் அந்தப் பதிலைத்தான் நான் நம்புவேன்.

இந்த வாரமே நாலு பேர் மண்வெட்டியோடு கிளம்பி, வயலிலிருந்து ஆறுவரை வடிகால் ஓரமாக நடங்கள். பெரிய வாய்க்கால்களைக் கோடையில் தூர்வாரியிருப்பார்கள்; சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்களில்தான் வேலை பாதியில் நிற்கும். குழாய்ப் பாலத்தின் வாயைக் குனிந்து பாருங்கள். நெய்வேலி காட்டாமணக்கு வேர்விட்டிருக்கும், அதில் ஆகாயத்தாமரை சிக்கியிருக்கும், அதன்மேல் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் படிந்து, மூன்றடிக் குழாயில் ஒரு சாண்தான் திறந்திருக்கும். மீனுக்குக் கட்டிய படலையும், ஆள் கடக்கப் போட்ட பனந்துண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் முகம் சுளிப்பார்; சுளிக்கட்டும்.

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு இன்னொரு கவலை உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும்போது வடிகால் தண்ணீரை அது வாங்காது. கனமழை எச்சரிக்கை அந்த நாட்களில் வந்தால், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கொள்ளிடப் படுகையில் குடியிருப்பவர்கள் உள்ளூர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

மழை எச்சரிக்கை இருக்கும்போது சம்பாவுக்கு மேலுரம் போடாதீர்கள். காசு வடிகாலில் போகும். பயிர் கரைந்த இடத்தை நிரப்ப மேட்டில் கொஞ்சம் நாற்று வைத்திருங்கள். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் வெளுத்திருந்தால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. புயல் சின்னம் உருவானதும் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கி, கீழ்மட்டைகளைக் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறையும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே குடிநீரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்குச் சம்பாவில் வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கடைசி நாளில் கணினி மையத்தில் கூட்டம் நெரியும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு இப்போதே போய்க் கட்டிவிடுங்கள். காப்பீட்டுத் தொகையில் விவசாயி பங்கு 1.5 சதவீதம். ஒன்றைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்: மகசூல் இழப்பை ஊர் அளவில்தான் கணக்கிடுவார்கள். ஊர் விளைந்து உங்கள் பள்ளம் மட்டும் அழிந்தால் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். வடிகாலை இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்த்திகை தாண்டினால் கண்டம் தாண்டியது என்று இருந்துவிடாதீர்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடைக்கு நின்ற சம்பாதான் மழையில் சாய்ந்தது. நெல்லை மூடும் தார்ப்பாயை இப்போதே பிரித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒட்டி வையுங்கள். கரை உடைந்தாலோ வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.