வயலில் அகப்படும் அபூர்வக் கற்கள்: அவற்றை அறியும் எளிய பரீக்ஷைகள்

கோடை உழவின்போதும் கிணறு வெட்டும்போதும் நமது குடியானவர்களுக்கு வழக்கத்திற்கு மாறான கற்கள் அகப்படுவதுண்டு. சிலர் அவற்றை வரப்பில் எறிந்துவிடுகிறார்கள். சிலர் பெருந்தனம் கிடைத்ததாக எண்ணிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். இரண்டாலும் நஷ்டம் நேரலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மிராசுதார், கிணற்று மண்ணில் அகப்பட்ட கனத்த கரிய கல்லொன்றை என்னிடம் கொண்டுவந்தார். அது வானத்திலிருந்து வீழ்ந்த கல் என்றும், பல லக்ஷம் ரூபாய்க்கு விற்றுத் தருவதாகவும் ஒரு தரகர் சொல்லி, சோதனைச் செலவு என்ற பெயரில் ஒரு ஜோடி உழவு மாடுகளின் கிரயத்தைப் பெற்றுச் சென்றுவிட்டாராம். கல்லோ வெறும் இரும்புக் கிட்டம். அரை மணி நேரத்தில் அறியக்கூடிய இவ்விஷயத்தை முன்னமே அவருக்குச் சொல்லிவைக்காதது என் குறையே. மற்றவர்களுக்கும் அவ்வாறு நேராதிருக்கும்பொருட்டு இது எழுதப்படுகிறது.

வேண்டிய சாமான்கள்: ஒரு காந்தம், எஃகுக் கத்தி, எலுமிச்சம்பழம், மெருகில்லாத பீங்கான் துண்டு, ஸ்பிரிங் தராசு.

1. கடினம். நகத்தால் கீறப்படுவது மிக மெதுவான கல். கத்தியால் மட்டும் கீறப்படுவது நடுத்தரம். கத்திக்கு இணங்காமல் கண்ணாடியைக் கீறுவது பெரும்பாலும் வெங்கச்சங்கல் வகையாக இருக்கும்.

2. உரசிய கோட்டின் நிறம். கல்லைப் பீங்கானில் உரசினால் விழும் கோடு, மேல் நிறத்தைக் காட்டிலும் நம்பத்தக்கது. செங்கோடு இட்டால் சிவப்பு இரும்புத்தாது; கருங்கோடு இட்டுக் காந்தத்தை வலுவாக இழுத்தால் காந்த இரும்புத்தாது. பொன்போல் மின்னும் கல் கரும்பச்சைக் கோடு இட்டால் அது பொன்னன்று, கந்தகம் கலந்த இரும்பே. பொன் மஞ்சட் கோடு இடும்.

3. புளிப்பு. கல்லைச் சிறிது பொடித்து எலுமிச்சைச் சாற்றை விடுக. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புச் சத்து உண்டு.

4. கனம். கல்லை நூலில் கட்டித் தராசில் நிறுத்து, பிறகு நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். முதல் எடையை, நீரில் குறைந்த எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 900 கிராம் கல் நீரில் 560 கிராம் நின்றால் குறைந்தது 340. விடை ஏறக்குறைய 2.65. இதுவே வெங்கச்சங்கல்லின் கனம். இரும்புத்தாதுக்கள் 5-க்கு மேலும் வரும்.

ஒரே பரீக்ஷையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. மேற்சொன்ன மிராசுதாரின் கல் காந்தத்தைச் சிறிது இழுத்தது, கனமும் 3.5 அளவில் இருந்தது. வானக்கற்களில் பெரும்பாலானவையும் இவ்விதமே இருக்கும். ஆனால் அக்கல்லின் உடைந்த முகத்தில் காற்றுக் குமிழிகளின் துளைகள் நிறைந்திருந்தன. வானக்கல்லில் இத்தகைய துளைகள் காண்பது மிக அரிது. அதன்மேல் மெல்லிய கரிய தோல் இருக்கும். அராவிய இடத்தில் பெரும்பாலும் உலோகப் புள்ளிகள் மின்னும். மெய்யான வானக்கல்லும் நமது நாட்டில் வீழ்ந்ததுண்டு. 1857ஆம் வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி மதுரை ஜில்லாவில் இரண்டு கற்கள் வீழ்ந்தன; அவை பார்னலி என்ற பெயரால் பதியப்பட்டுள்ளன.

வெள்ளைக் கற்களைப் பிரித்தறிவது விவசாயத்திற்கு நேரடியான உபயோகமுள்ளது. எலுமிச்சைச் சாற்றில் பொங்குவது சுக்கான் கல். நகத்தால் கீறப்பட்டு, சாற்றில் பொங்காமல், சட்டியில் வறுத்தால் நீரை இழந்து வெண்பொடியாவது ஜிப்சம். மண் பரிசோதனைப்படி அளவறிந்து இட்டால் களர் நிலத்தைத் திருத்த உதவும். சேலத்தருகே ஆங்கிலேயர் சாக்குக்கட்டி மலை என்று பெயரிட்ட குன்றுகளிலுள்ள வெண்கல், பெயருக்கு மாறாக, உலைச் செங்கலுக்கு உதவும் மாக்னஸைட் ஆகும். அது நகத்திற்கு இணங்காது. சாற்றிலும் எளிதில் பொங்காது.

திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஊட்டத்தூர்க் களிமண்ணில் உருண்டை உருண்டையாக அகப்படும் கற்களில் பாஸ்பேட் சத்து உண்டு. ரசாயனசாலையின் சோதனையன்றி இதை உறுதிப்படுத்த இயலாது. எருவாகுமென்று இடித்து வயலில் இட்டுவிடுவதும் தவறு. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் அது எளிதில் கரையாது; நைஸாக அரைத்தால் புளிப்பு மண்ணில் பலன் தரும்.

விலை இல்லாமலே மதிப்புள்ள கற்களும் உண்டு. அரியலூர்ப் பக்கம் நத்தைபோல் சுருண்ட கற்கள், பல கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சாக்ஷி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1863ஆம் வருஷம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த ஒரு கல், ஆதி மனிதரின் கைக்கோடரி என்று அறியப்பட்டது. அது வெறும் சாலைக் கல்லாகப் போயிருந்தால், நமது நாட்டின் பழமைக்கு ஒரு சாக்ஷி குறைந்திருக்கும். இரும்புக் கிட்டமும் குவியலாக அகப்பட்டால், பண்டைக் கொல்லுலை இருந்த இடத்தைக் காட்டக்கூடும். இத்தகைய கற்களின் மதிப்பு அகப்பட்ட இடத்தோடு சேர்ந்தது. இடம் மறந்தால் மதிப்பில் பாதி போய்விடும்.

ஆகையால் கல் அகப்பட்டவுடன் செய்யவேண்டியவை:

(அ) உடைக்காமலும் திராவகத்தில் கழுவாமலும் துணியில் சுற்றி வைத்தல். பரீக்ஷைகளை உதிர்ந்த சிறு துண்டில் மட்டும் செய்தல். சுருண்ட கற்களிலும் கைவேலை தோன்றும் கற்களிலும் செய்யாதிருத்தல்.

(ஆ) தேதி, சர்வே நெம்பர், ஆழம், மண்ணின் வகை, ஒன்றா பலவா என்பவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லுடன் வைத்தல்.

(இ) பூகர்ப்ப இலாகாவுக்கும், கைவேலை தோன்றும் கல்லானால் தொல்பொருள் இலாகாவுக்கும் தெரிவித்தல்.

(ஈ) விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடாதிருத்தல்.

கிராம அதிகாரிகள் இந்த நான்காவது விஷயத்தைக் குடிகளுக்குத் தண்டோரா போட்டேனும் அறிவிக்க வேண்டும். கல்லின் உண்மையைப் பிறகு எப்பொழுது வேண்டுமானாலும் அறிந்துகொள்ளலாம். விற்ற மாடுகளைத் திரும்பப் பெறுவது எளிதன்று.